கொதி தாங்கும் சுவர்

லீட்ஸ்,
3 நவம்பர் 1956

அன்பு நாகமணிக்கு,

உன் கடிதத்தின் மேல் கோலா சிலாங்கூர் முத்திரைக்குப் பதிலாகப் பத்தாங் பெர்ஜுந்தை முத்திரை இருந்தது. உறையைப் பிரிக்காமலே விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டைவிட்டு, கலாவையும் தூக்கிக்கொண்டு, மறுபடி உன் அப்பா வேலை பார்க்கும் ரப்பர் தோட்டத்துக்கே போய்விட்டாய். ஏன் என்று நீ எழுதவில்லை. அம்மா எழுதியிருக்கிறாள்: "ஒன் பொண்டாட்டிக்கு டவுன் வீடு புடிக்கல, மெரந்தி தோட்டத்து லயத்து வீடுதான் புடிக்குதாம்." தோட்டத்தில் முள்வேலி, சோதனை, ஊரடங்கு. நான் திரும்பும்வரை நீயும் குழந்தையும் டவுனில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் கப்பல் ஏறினேன். அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

படம் வந்தது. நான் புறப்பட்ட பிறகு பிறந்த என் மகளை முதல் முறையாகப் பார்த்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். யார் மேல் கோபம்? ஒரே ஒரு பிரதிதான் போட்டோம், அதையும் உங்களுக்கே அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். பத்திரமாக வைத்திருக்கிறேன். இங்கே கடையில் ஒரு சின்னக் கம்பளிச் சால்வை கண்ணில் பட்டது. நம் மலாயா வெயிலுக்கு அது எதற்கு என்று தெரிந்தேதான் வாங்கினேன். விமானப் பார்சலில் வரும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல என் வேலையைப் பற்றிக் கேட்டாய். நான் பார்ப்பது மண்ணில் கிடக்கும் ஒரு பாக்டீரியா. குச்சி வடிவம். அதன் உள்ளே அழுத்தம் அதிகம். அது வெடிக்காமல் பிடித்து வைத்திருப்பது வெளிச்சுவர். ஜெராம் கடற்கரையில் வலை காயப்போட்டிருப்பார்களே, அதை நினைத்துக்கொள். நீள நூலெல்லாம் ஒருவகைச் சர்க்கரை. நூலையும் நூலையும் முடிச்சுப் போடுவது அமினோ அமிலங்கள். குச்சி முழுவதையும் சுற்றி ஒரே வலை, எங்கும் வாய் இல்லை.

தீனி தீர்ந்துபோனால் குச்சி வேறு வேலையில் இறங்குகிறது. தன் உள்ளேயே ஒரு மூலையைத் தடுத்து, அந்த அறைக்குள் தன் உயிரின் ஒரு பிரதியை வைக்கிறது. அறையைச் சுற்றி இன்னொரு தடித்த சுவர் எழுப்புகிறது. அதே சரக்கு, ஆனால் கட்டு வேறு. அதற்கு மேல் புரத ஓடு, ஒன்றன் மேல் ஒன்றாக. உள்ளிருக்கும் நீர் பெரும்பாலும் வெளியேறிவிடும். எல்லாம் முடிந்ததும் வெளியே இருந்த பழைய சுவர் கரைந்துபோகும். வெளிக்குச்சியைத் தாய்ச்செல் என்கிறோம். உள்ளே எஞ்சுவது ஸ்போர். நாம் வித்து என்று சொல்லிக்கொள்வோம். எந்தச் சுவர் எப்போது வருகிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிப்படியாகப் படம் எடுப்பதுதான் என் வேலை. ஒரு நல்ல படம் கிடைக்க ஒரு மாதம்கூட ஆகும்.

உன்,
சிவானந்தம்

*

மெரந்தி தோட்டம்,
25 நவம்பர் 1956

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். கோபித்துக்கொண்டே எழுதினாலும் நீளமாக எழுதினீர்கள், அது போதும். டவுனைவிட்டு ஏன் வந்தேன் என்பதை நேரில் சொல்கிறேன்.

கலாவின் கோபம் படக்காரர் மேல். கையிலிருந்த மிட்டாயைப் பிடுங்கி வைத்துவிட்டார். இன்னும் மறக்கவில்லை. கேமரா என்று சொன்னாலே "அந்த ஆளு திருடன்" என்கிறாள்.

இங்கே புதுச் சட்டம். வீட்டில் ஒரு மணி அரிசி இருக்கக் கூடாது. லோரி வந்து எல்லார் வீட்டு அரிசியையும் அள்ளிக்கொண்டு போனது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. சமைத்த சோறு ஒரு நாளில் கெட்டுவிடும் அல்லவா, அதனால் சோறாகத்தான் தருவார்களாம். பழைய ஸ்டோரில் பெரிய அடுப்பு போட்டு, பதினோரு மணிக்குத் தோட்டம் முழுவதற்கும் ஒரே சமையல். சாயங்காலத்துக்கு ரொட்டி.

சமைப்பவர் யார் தெரியுமா? செல்லையா அண்ணன். டவுனில் மதார் சாகிபு கடையில் நமக்கு இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிவிட்டுக் காசு வாங்காமல் அனுப்பினாரே, அவர்தான். போன வருஷம் அவர் தம்பி காட்டுக்குள் போய்விட்டான். அதைப் பற்றிப் போலீஸ் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே மனிதர் பாதியாகிவிட்டார். வாய் மட்டும் குறையவில்லை. நேற்று தூக்குச் சட்டியை நீட்டினேன்.

"டீச்சரம்மா, ஒங்க வீட்டுக்காரரு சீமையில என்ன சமைக்கிறாரு?"

"கிருமிய வேக வைக்கிறாராம் அண்ணே."

"வெந்துச்சா?"

"அது வேகாதாம்."

"அப்ப என்னாத்துக்கு வெறகு செலவு? வரச் சொல்லுங்கலா, இங்க எனக்கு ஒரு ஆளு வேணும்."

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள்.

கஷ்டம் ஒன்றுதான். வாங்கிய சோற்றை ஒரு மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ராத்திரிக்கு ஒரு பிடி வைத்தாலும் குற்றம். அது காட்டுக்குப் போகிற சோறு என்பார்கள். கலா ரொட்டியைத் தொடமாட்டாள். விளக்கு வைத்ததும் சோறு கேட்டு அழுவாள். தண்ணீர் ஊற்றி வைக்கலாம் என்றால் புளித்த வாசனை காட்டிக்கொடுத்துவிடும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் பங்கைச் சின்னத் தூக்கில் அழுத்தி மூடி, நீங்கள் அனுப்பிய சால்வையால் சுற்றித் தொட்டில் துணிக்குள் வைத்துவிடுகிறேன். ராத்திரி எடுத்தால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது! அப்பா எல்லாரையும் வேலை வாங்கும் மண்டோர் என்பதால் எங்கள் வாசலில் யாரும் நின்று பார்ப்பதில்லை. பக்கத்து லெட்சுமியும் என்னைப் பார்த்துப் பழைய போர்வையில் சுற்றி வைக்கிறாள். அவள் புருஷனே ஸ்பெஷல் கான்ஸ்டபிள், அவள் வீட்டுக்குள் எவன் நுழைவான்? மற்றவர்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

உங்கள் சால்வை வீணாகவில்லை, பார்த்தீர்களா?

உங்கள்,
நாகமணி

*

லீட்ஸ்,
9 டிசம்பர் 1956

அன்பு நாகமணிக்கு,

செல்லையாவின் கேள்வியை இங்கே கூட வேலை செய்பவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நியாயமான கேள்வி, பதில் எழுதுங்கள்" என்றார். எழுதுகிறேன்.

தாய்ச்செல்களைக் கொதிநீரில் போட்டால் செத்துவிடும். வித்துகள் சாவதில்லை. உள்ளே நீர் இல்லாததும் அந்தத் தடித்த சுவரும்தான் காரணம் என்று நினைக்கிறோம். சாகாதது மட்டுமல்ல, சூடு பட்டால் உறக்கம் கலைகிறது. அதனால் வித்துகளை ஒரே நேரத்தில் எழுப்ப வேண்டுமானால் முதலில் சுடவைக்கிறோம். பிறகு தீனியோடு வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துவிடுகிறோம். சில மணி நேரத்தில் ஓடு பிளந்து, பழைய சுவரோடு குச்சிகள் வெளியே வந்து பெருகத் தொடங்கும். ஆகவே விறகு வீண்செலவு இல்லை என்று செல்லையாவிடம் சொல்.

சால்வைக்கு நீ கொடுத்த வேலையை நினைத்து நினைத்துச் சிரித்தேன். நல்ல புத்திசாலி நீ. குளிருக்கு நெய்தது சோற்றுக்கு ஆகட்டும். குழந்தை வயிறு நிறைந்து தூங்கினால் சரி.

கீழே ஒரு வித்தின் படம் வரைந்திருக்கிறேன், வளையத்துக்குள் வளையம். கலாவிடம் காட்டி இது என்ன என்று கேள்.

உன்,
சிவானந்தம்

*

மெரந்தி தோட்டம்,
6 ஜனவரி 1957

அத்தானுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். நடந்ததை எழுதச் சொன்னார் அப்பா. எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி. நிற்கவில்லை. தோட்டத்து டிரஸர் வந்து மருந்து கொடுத்தார், அதுவும் வெளியே வந்துவிட்டது. ஊரடங்கு. அப்பா துரை பங்களாவுக்குப் போய் அனுமதி கேட்டு, ஆர்மி வண்டி வந்து, விடியும்போதுதான் கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை முழுக்க இருந்தாள். கண்ணும் தோலும் மஞ்சளித்துப் போயின. என்னைத் தெரியவில்லை. ஞாயிறு காலையில் போய்விட்டாள்.

அத்தையும் மாமாவும் வந்தார்கள். டவுன் இடுகாட்டில்தான் அடக்கம். மாமா மண் போட்டார். உங்கள் பேரைச் சொல்லித்தான் போட்டார்.

லெட்சுமியின் இரண்டு பையன்களுக்கும் அதே ராத்திரி வாந்தி. அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை செல்லையா அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நாகமணி

*

லீட்ஸ்,
16 ஜனவரி 1957

நாகமணி,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் அதில் எழுதியிருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. என் மகளைப் பார்க்காமலே எனக்கு அவள் இல்லாமல் போய்விட்டாள். தூக்கியதில்லை. குரல் கேட்டதில்லை. அழுவதற்குக்கூட என்னிடம் இருப்பது ஒரு படம்தான்.

அப்பாவும் எழுதியிருக்கிறார். மண்டோர் வீட்டையும் கான்ஸ்டபிள் வீட்டையும் குறிவைத்துச் செல்லையா சோற்றில் விஷம் வைத்தான் என்று போலீஸ் சொல்கிறதாம். காட்டிலிருக்கும் தம்பிக்காக. அந்த மனிதன் கையால் நாம் சாப்பிட்டிருக்கிறோம். குழந்தையின் சட்டி இது என்று தெரிந்தே செய்திருந்தால் அவனுக்கு எந்தத் தண்டனையும் போதாது.

இன்னொன்றையும் எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. டவுனில் இரு என்று சொன்னேன். டவுன் வீட்டில் அரிசி இருந்தது. அடுப்பு இருந்தது. ஆஸ்பத்திரி நடந்துபோகிற தூரம். எதற்காக அந்த முள்வேலிக்குள் கொண்டுபோனாய்?

சிவானந்தம்

*

மெரந்தி தோட்டம்,
20 மார்ச் 1957

அத்தானுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. நேரில் சொல்லலாம் என்று இருந்தேன். இனி எழுதிவிடுகிறேன்.

டவுன் வீட்டில் உங்கள் கடிதம் வந்தால் அத்தைதான் பிரிப்பார். கூடத்தில் உட்கார்ந்து மாமா உரக்கப் படிப்பார். எனக்கு எழுதிய வரி வந்தால் கொஞ்சம் நிறுத்தி, "இது அவளுக்கு" என்று சொல்லிவிட்டு அதையும் படிப்பார். பக்கத்து வீட்டார்கூட இருப்பார்கள். எல்லாரும் கேட்ட பிறகு காகிதம் என் கைக்கு வரும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. உங்கள் கடிதத்தை முதலில் நானே பிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் வந்தேன். இவ்வளவு சின்னக் காரணத்துக்கா என்று கேட்பீர்கள். நானும் தினமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது வேறு விஷயம். செல்லையா அண்ணன் பெண்டாட்டி சின்னத்தாய் கைக்குழந்தையோடு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். முதல் நாள் அம்மா, "எந்த மொகத்த வச்சுக்கிட்டு இங்க வந்து ஒக்காந்திருக்க?" என்று கத்தினாள். "அக்கா, அந்த மனுசன் ஒங்க பேத்திக்குன்னு கொழைவா இருக்குற சோத்தத் தனியா எடுத்து வைப்பாரு. அதச் சொல்லிட்டுப் போலாமுன்னு வந்தேன்" என்றாள். மறுநாளும் வந்தாள்.

சர்க்கார் சோதனைச்சாலையில் தெரிந்த விஷம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். துபா வேர் மாதிரி காட்டு விஷமாக இருக்கும், அது சோதனையில் சிக்காது என்கிறார். ஒரே அண்டாவில் வெந்த சோறு, தோட்டமே சாப்பிட்டது. இரண்டு வீட்டில் மட்டும் வாந்தி என்றால் அள்ளிப் போட்டவன் கைதான் காரணம் என்கிறார்.

எப்போது சாப்பிட்டீர்கள் என்று என்னைக் கேட்டார். ஒரு மணிக்குள் என்றேன். லெட்சுமியும் அதையேதான் சொன்னாள். சோறு ஒளித்து வைத்தேன் என்று யார் சொல்வார்கள்?

உங்கள் டிசம்பர்க் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கொதித்தாலும் சாகாது, சூடு பட்டால் விழிக்கும், வெதுவெதுப்பான பெட்டியில் பெருகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பக்கத்தில் சால்வையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள்.

அத்தான், அரிசியில் அந்த வித்து இருக்குமா? என் சால்வைக்குள் அது விழித்ததா? ஆம் அல்லது இல்லை என்று எழுதுங்கள்.

நாகமணி

*

லீட்ஸ்,
29 மார்ச் 1957

அன்பு நாகமணிக்கு,

இல்லை. நான் ஆராய்வது தீங்கில்லாத மண் பாக்டீரியா. அதற்கும் சோற்றுக்கும் சம்பந்தம் கிடையாது. நீ செய்தது எந்தத் தாயும் செய்வதுதான். இதைப் பற்றி இனி யோசிக்காதே. டவுனுக்குப் போய் ஓய்வெடு. உன் கடிதங்களைப் பிரிக்கக் கூடாது என்று அம்மாவுக்கு எழுதிவிட்டேன்.

உன்,
சிவானந்தம்

*

மெரந்தி தோட்டம்,
14 ஏப்ரல் 1957

அத்தானுக்கு,

இன்று வருஷப் பிறப்பு. எங்கள் வீட்டில் இல்லை.

உங்களோடு இருந்தது ஒரு வருஷம். கடிதத்தில் இருப்பது மூன்று வருஷத்துக்கு மேல். உங்களை எனக்குக் கடிதத்தில்தான் அதிகம் தெரியும். மழை பெய்தது என்று சொல்லவே அரைப் பக்கம் எழுதுவீர்கள், எந்தப் பக்கத்துக் காற்று, எவ்வளவு நேரம் என்று. என் பிள்ளை எதனால் செத்தது என்று கேட்டேன். ஏழெட்டு வரியில் முடித்துவிட்டீர்கள். படமும் இல்லை.

எனக்காகப் பொய் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேண்டாம்.

செல்லையா அண்ணனை விசாரணைகூட இல்லாமல் இந்தியாவுக்கு நாடு கடத்த உத்தரவாகிவிட்டது. மே மாதக் கப்பல். அவர் பிறந்தது இதே சிலாங்கூரில், அம்பாங் பெச்சாவில். இந்தியாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. மதார் சாகிபு மனு எழுதி, டவுன் கடைக்காரர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதன் என்ற சாட்சி போதாது, சோற்றில் என்ன இருந்தது என்று சொல்ல முடியுமா என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள்.

அதைச் சொல்லக் கூடியவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

என்னை நினைக்காமல் எழுதுங்கள்.

நாகமணி

*

லீட்ஸ்,
22 ஏப்ரல் 1957

நாகமணி,

இருந்தது. பெருகியிருக்கும். முன் கடிதத்தில் எழுதியது பொய்.

உன் கேள்வி வருவதற்கு முன்பே எனக்குப் பதில் தெரியும். ஜனவரியில் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதி அனுப்பிய பிறகு, கலாவைப் பற்றி நீ எழுதிய எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துப் படித்தேன். நவம்பர்க் கடிதத்தில் சால்வை வரும் இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. பிப்ரவரியில் இங்குள்ள இந்தியக் கடையில் அரிசி வாங்கினேன். நாம் சமைப்பதுபோலவே கொதிக்கவைத்து வடித்தேன். சால்வை வாங்கிய கடைக்கே போய் அதே சால்வையில் இன்னொன்று வாங்கினேன். ஒரு பங்கை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டேன். ஒரு பங்கில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்தேன். ஒரு பங்கை மூடிய பாத்திரத்தில் அழுத்தி, சால்வையில் சுற்றி, நம் ஊர்ச் சூட்டுக்கு வைத்த பெட்டிக்குள் வைத்தேன். பதினோரு மணிக்கு வைத்ததை நீ அவளுக்கு ஊட்டும் நேரத்தில் எடுத்தேன்.

பரப்பிய சோற்றில் கொஞ்சம் இருந்தது. புளித்த சோற்றில் அதைவிடக் குறைவு. சால்வைக்குள் இருந்த சோற்றில் எண்ணி முடியாத அளவு குச்சிகள். வாசனை மாறவில்லை, நிறம் மாறவில்லை. நீ முகர்ந்து பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. நான் முகர்ந்து பார்த்தேன். நல்ல சோற்று வாசனைதான்.

அரிசி வயலிலேயே மண்ணிலிருந்து வித்தை எடுத்துக்கொள்கிறது. உமி நீக்கினாலும் கழுவினாலும் போகாது. செல்லையா எவ்வளவு நேரம் கொதிக்கவைத்திருந்தாலும் அந்தச் சுவர் தாங்கும். ஆறுவதற்குள் சாப்பிட்டவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. அதனால்தான் தோட்டமே சாப்பிட்டும் யாருக்கும் எதுவும் வரவில்லை. அள்ளிப் போட்ட கை காரணம் இல்லை. ஒளித்து வைத்த இரண்டு வீட்டில் மட்டும் வந்தது. தினமும் வைத்தும் அன்று மட்டும் ஏன் என்றால், அன்றைய மூட்டை அரிசியில் வித்து அதிகம் இருந்திருக்கும்.

எனக்குத் தெரியாததையும் எழுதிவிட வேண்டும். இந்த வகை பாக்டீரியாவால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்ததாக நார்வே மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே சமைத்து அறையில் வைத்திருந்த இனிப்புச் சாறு காரணம். சோற்றைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. ஒரு குழந்தையின் உயிரை எடுக்கும் என்றும் யாரும் எழுதவில்லை. நான் நம்புகிறேன், நிரூபிக்க முடியாது. இதோடு ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை வைத்திருக்கிறேன், பேராசிரியரும் கையெழுத்திட்டிருக்கிறார். இன்ஸ்பெக்டரிடம் கொடு. கொடுப்பதோடு நிறுத்திக்கொள். ஒளித்து வைத்தேன் என்று உன் வாயால் சொல்லாதே. எமர்ஜென்சிச் சட்டம் உன்னையும் விடாது.

சால்வை நான் அனுப்பியது. அதைச் சோற்றுக்குச் சுற்றினாய் என்று எனக்கு எழுதினாய். இந்த வித்தைத் தவிர வேறெதையும் மூன்று வருஷமாகப் பார்க்காத நான் அதைப் படித்துவிட்டு, புத்திசாலி என்று பதில் எழுதினேன். ஒரு வரியில் வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். கடிதம் போய்ச் சேர நேரம் இருந்தது. ஜனவரியில் உன்னைப் பார்த்துக் கேட்ட கேள்வியை அன்றே என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

சிவானந்தம்

*

கோலா சிலாங்கூர்,
9 ஜூன் 1957

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் ஏப்ரல் முடிவதற்குள் வந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று லெட்சுமியைக் கூப்பிட்டேன். "என் புருசனுக்கு வேல போயிரும்லா டீச்சர். எனக்கு ரெண்டு பையனுங்க இருக்கானுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்திருக்கும். உள்ளே அழுதது கேட்டது. நான் தனியாகப் போனேன்.

இன்ஸ்பெக்டர் அறிக்கையை முழுதும் படித்தார். மரியாதையாகத்தான் பேசினார். "இதில் சூடாகப் பல மணி நேரம் வைத்த சோறு என்று இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் யாரும் அப்படி வைக்கவில்லையே. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று என் பழைய வாக்குமூலத்தை எடுத்துக் காட்டினார். உங்கள் அறிக்கை என் வாய் இல்லாமல் வெறும் காகிதம், அத்தான். அதை நீங்கள் யோசிக்கவில்லை.

சொன்னேன். தூக்கு, சால்வை, தொட்டில் துணி, எந்த நேரம் வைத்தேன், எந்த நேரம் ஊட்டினேன், எத்தனை வாய் சாப்பிட்டாள், எல்லாம். எழுதிக்கொண்டிருந்த மலாய் போலீஸ்காரர் நடுவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேறொருவர் வந்து எழுதினார்.

காகிதங்கள் கோலாலம்பூர் போய்த் திரும்ப வேண்டும் என்றார்கள். மே ஆறாம் தேதி கப்பல் போய்விட்டது. இருபதாம் தேதி உத்தரவு ரத்து என்று தாள் வந்தது. நாகப்பட்டினத்தில் இறங்கியவரை யார் போய்த் தேடுவது? திரும்ப வர வேண்டுமானால் அவர் அங்கிருந்து மனுப் போட வேண்டுமாம். அவருக்கு எழுதத் தெரியாது. மார்ச்சில் நீங்கள் உண்மையை எழுதியிருந்தால் அவர் இப்போது மதார் சாகிபு கடையில் அடுப்பு முன்னால் நின்றிருப்பார். இதை எழுதாமல் விட நினைத்தேன். நீங்கள் எனக்காக மறைத்ததுபோல நானும் உங்களுக்காக மறைத்ததாகிவிடும்.

என்னைச் சிறையில் போடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூட வேலை போய்விட்டது. அப்பாவின் மண்டோர் வேலையும் போய்விட்டது. அப்பா தொப்பியை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வந்து, மறுநாள் காலையில் பால்வெட்டு வரிசையில் போய் நின்றார்.

சின்னத்தாய்க்குப் புருஷனிடம் போக டிக்கெட் கிடைத்தது. புறப்படுவதற்கு முதல் நாள் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். வெகுநேரம் என் மடியிலிருந்த சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதானா?"

"இதுதான். தொவைச்சுட்டேன். எரிக்கலாமுன்னு கொண்டுபோனேன், முடியல."

கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். "கப்பல்ல குளிருமாமே டீச்சரம்மா. பிள்ளைக்குப் போத்தத்தான ஒங்க வீட்டுக்காரரு வாங்குனாரு" என்றாள். கைக்குழந்தையைச் சுற்றினாள். அதற்குச் சரியாக இருந்தது.

நீங்கள் வரைந்து அனுப்பிய வளையத்தைக் கலாவிடம் காட்டிக் கேட்டேன். டிசம்பரிலேயே எழுத மறந்துவிட்டேன். "வெங்காயம்" என்றாள். அப்பா வரைந்தது என்றேன். தடவிப் பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அது என்னிடம் இருக்கிறது. உங்கள் பாடத்தில் தாய் கரைந்துபோகிறது, உள்ளே வைத்தது நிற்கிறது. எனக்கு அது மாறிப்போய்விட்டது.

இப்போது டவுனில் இருக்கிறேன். தோட்டத்தில் எனக்கு வீடு இல்லை. கடிதங்களை அத்தை பிரிப்பதில்லை. என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். படித்து முடித்த பிறகு நானே கூப்பிட்டுப் படித்துக் காட்டுகிறேன். உங்கள் ஏப்ரல் கடிதத்தையும் படித்துக் காட்டினேன்.

படிப்பை விட்டுவிட்டு வர வேண்டாம். சோற்றைப் பற்றி யாரும் எழுதவில்லை என்றீர்களே, எழுதிவிட்டு வாருங்கள்.

ஒன்று கேட்கிறேன். அவள் முகம் எனக்கு ஆஸ்பத்திரியில் பார்த்த மாதிரிதான் வருகிறது, மஞ்சளாக. அதற்கு முன்னால் எப்படி இருந்தாள் என்று யோசித்தால் பிடிபடவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற அந்தப் படம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அனுப்பி வையுங்கள். பார்த்துவிட்டு உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள்,
நாகமணி